கரண்ட் கணிப்பும் காலநிலை இலக்கும்: பல்லடம் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷமாகக் கரண்ட் கணக்குப் பார்க்கிறேன். இ.பி. பில், காற்றாலை யூனிட், டீசல் செலவு எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அதனாலேயே ஊரில் யாராவது பேப்பரில் "2030க்குள் இத்தனை மெகாவாட்", "2070இல் நெட் ஜீரோ" என்று படித்துவிட்டால் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேரிடம் பதினோரு விதமாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஏனுங்க, இருபது வருஷம் கழிச்சு எவ்வளவு கரண்ட் வேணும்னு இப்பவே சொல்றது ஜோசியம்தானே?

ஜோசியர் எதனால் சொல்கிறார் என்று நமக்குக் காட்ட மாட்டார். கணிப்புப் போடுகிறவர் காட்டியாக வேண்டும், அதுதான் வித்தியாசம். ஜனத்தொகை இப்படி ஏறும், வருமானம் இவ்வளவு கூடும், வீட்டுக்கு வீடு ஏ.சி. வரும், தொழிற்சாலை இத்தனை ஷிஃப்ட் ஓடும் என்று வரிசையாக அனுமானங்களை வைத்துப் பெருக்கி வருவதுதான் கடைசி எண். எங்கள் மில்லுக்கு அடுத்த வருஷக் கணக்குப் போடும்போது அனுமானங்களை மட்டும் பென்சிலில் எழுதுவேன், மற்றதெல்லாம் பேனா. நாட்டுக் கணிப்பைப் படிக்கும்போதும் நான் முதலில் தேடுவது அந்தப் பென்சில் எழுத்தைத்தான். பேப்பர்க்காரர்கள் பேனா எண்ணை மட்டும் தலைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

சரி, யார் போடறாங்க, எப்படிப் போடறாங்க?

மின்சாரத்துக்கு மட்டும் என்றால் மத்திய மின்சார ஆணையம். அவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நாடு முழுவதும் மின்தேவை ஆய்வு ஒன்று வெளியிடுகிறார்கள். 20ஆவது ஆய்வு 2022 நவம்பரில் வந்தது. மாநிலம் மாநிலமாக, வீடு, கடை, தொழிற்சாலை, விவசாயம், ரயில் என்று பிரித்து, எங்கே எதற்கு எவ்வளவு ஓடுகிறது என்று கீழிருந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பம்புசெட் எத்தனை, ஒன்று எத்தனை குதிரைசக்தி, வருஷத்துக்கு எத்தனை மணிநேரம் என்கிற மாதிரி.

புகைக் கணக்கு, அதாவது கார்பன் கணக்கு என்றால் மேலிருந்து பார்க்கிற ஒரு வழியும் உண்டு. ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யோய்ச்சி கயா சொன்னது: ஜனத்தொகை, தலைக்கு வருமானம், ஒரு ரூபாய் வருமானத்துக்குச் செலவாகும் எரிசக்தி, ஒரு அளவு எரிசக்திக்கு வெளியேறும் கார்பன் ஆகிய நான்கையும் பெருக்கினால் மொத்தப் புகை. கேட்க ரொம்பச் சுலபம். ஆனால் அந்த இரண்டாவது எண்ணில் சின்ன வித்தியாசம் வந்தாலே எல்லாம் தலைகீழ். பொருளாதாரம் வருஷத்துக்கு 6 விழுக்காடு வளர்ந்தால் 25 வருஷத்தில் சுமார் 4.3 மடங்கு, 7 விழுக்காடு என்று வைத்தால் 5.4 மடங்கு. ஒரே ஒரு விழுக்காடு, சீட்டுப் பணத்து வட்டி மாதிரிதான். நம்மூரில் வட்டிக் கணக்கு தெரியாதவர் யார்? இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதுவரைக்கும் போட்டதெல்லாம் சரியா வந்திருக்குங்களா?

இல்லை. ரொம்ப தூரம் தள்ளியே விழுந்திருக்கிறது. 18ஆவது ஆய்வு 2021-22இல் நாட்டின் உச்சத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுக்கிற கரண்ட், சுமார் 2,83,000 மெகாவாட் இருக்கும் என்றது. அடுத்து 2017இல் வந்த 19ஆவது ஆய்வு அதே வருஷத்துக்கு அதை சுமார் 2,26,000 ஆக இறக்கியது. உண்மையில் வந்தது சுமார் 2,03,000. கோவிட் ஒரு காரணம், அதுமட்டுமே காரணமில்லை. ஏனென்றால் கோவிட் வருவதற்கு வெகுமுன்பே, 2016-17க்கு 18ஆவது ஆய்வு சொன்ன கிட்டத்தட்ட 2,00,000 மெகாவாட்டுக்குப் பதிலாக 1,60,000 அளவில்தான் உச்சம் இருந்தது.

அதற்காக எல்லாப் பழியையும் கணக்குப் போட்டவர்கள் தலையில் போடவும் முடியாது. 2024 மே 30ஆம் தேதி வடநாட்டு வெயிலில் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அதைப் பார்த்து அடுத்த கோடைக்கு 2,70,000 வரும் என்று தயாரானார்கள். 2025இல் மழை சீக்கிரம் வந்துவிட்டது, உச்சம் 2,43,000 அளவில் நின்றுவிட்டது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெறும் வானிலை. இப்போதைக்கு 20ஆவது ஆய்வு 2031-32க்கு 3,66,000 மெகாவாட் என்கிறது. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கும் டீக்கடையில் பேசலாம்.

கொஞ்சம் கூடப் போட்டா என்ன நஷ்டம்? பத்தாம போறதுக்கு மிச்சம் இருக்கிறது நல்லதுதானே?

இதை மில் வைத்திருக்கிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு வாங்கும்போது எனக்கு ஒரே நேரத்தில் இத்தனை கே.வி.ஏ. வரைக்கும் இழுக்க டிமாண்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோமே, அதுவும் கணிப்புதான். கூடுதலாகக் கேட்டுவிட்டால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதில் 90 விழுக்காட்டுக்காவது டிமாண்ட் சார்ஜ் கட்டவேண்டும். குறைவாகக் கேட்டுவிட்டு ஒரு நாள் தாண்டினால் அபராதம். நூல் மார்க்கெட் படுத்த வருஷங்களில், பாதி ஸ்பிண்டில் நின்றுகொண்டிருக்க, ஓடாத மெஷினுக்கு மாசாமாசம் காசு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

நாடும் அதையே செய்தது. தேவை எகிறப்போகிறது என்ற நம்பிக்கையில் 2010ஐ ஒட்டிய வருஷங்களில் அனல்மின் நிலையங்களுக்கு வங்கிக் கடன் அள்ளிக் கொடுக்கப்பட்டது. 2018இல் நாடாளுமன்ற நிலைக்குழு பார்த்தபோது 34 நிலக்கரி நிலையங்கள், மொத்தம் சுமார் 40,000 மெகாவாட், கடன் கட்ட முடியாமல் தத்தளித்துக்கொண்டிருந்தன. சில இடங்களில் நிலக்கரி இல்லை, சில இடங்களில் நிலம் கிடைக்கவில்லை, பல இடங்களில் கரண்ட் வாங்க ஆளே இல்லை.

காலநிலைப் பக்கம் இருந்து பார்த்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. கட்டிவிட்ட அனல்மின் நிலையம் சும்மா இருக்காது. கடன் அடைக்கவேண்டும், அதனால் எப்படியாவது ஓட்டத்தான் பார்ப்பார்கள். தேவையைக் கூட்டிப் போட்டால் நிலையம் வரும், நிலையம் வந்தால் புகையும் வரும்.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2012ஐ மறக்க முடியுமா? ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை, தறிக்குடோன்கள் இருட்டு, சோமனூரில் தறிக்காரர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், மில்லுகளில் ஜெனரேட்டர் ஓடி ஓடி டீசல் வாசம் வேட்டியில் கூட ஏறியது. அந்த வருஷங்களின் மின்நுகர்வை எடுத்து வரைபடம் போட்டால் தேவை குறைந்த மாதிரித் தெரியும். தேவை அப்படியே இருந்தது, கொடுக்கத்தான் இல்லை. வெட்டிய கரண்ட் எந்த மீட்டரிலும் பதிவாகாது. பழைய எண்களை வைத்து எதிர்காலத்துக்குக் கோடு இழுக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

நாட்டோட இலக்குன்னு சொல்றாங்களே, அது சரியா என்னதுங்க?

மூன்றைக் கலந்து பேசுகிறார்கள், பிரித்துக்கொள்ளுங்கள். 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன்னால் இந்தியா எழுதிக் கொடுத்தது: 2030க்குள் பொருளாதாரத்தின் ஒரு அலகுக்கான கார்பன் வெளியீட்டை 2005ஐவிட 33 முதல் 35 விழுக்காடு குறைப்போம், மின் நிறுவுதிறனில் (கட்டிவைத்திருக்கிற எல்லா நிலையங்களின் மொத்தத் திறனில்) 40 விழுக்காடு நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் அல்லாததாக இருக்கும். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் பேசும்போது 2030க்குள் புதைபடிவம் அல்லாத 5,00,000 மெகாவாட், 2070இல் நெட் ஜீரோ (வெளியேறுகிற கார்பனும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சரிக்குச் சரி) என்றெல்லாம் அறிவித்தார். 2022 ஆகஸ்டில் திருத்தி எழுதிக் கொடுத்ததில் 45 விழுக்காடு, 50 விழுக்காடு என்று இரண்டும் ஏறின. அந்த 5,00,000 மெகாவாட் அந்தத் தாளில் இல்லை, அது மேடையில் சொன்னது. ரெண்டுக்கும் எடை வேறு.

50 விழுக்காட்டை அஞ்சு வருஷம் முன்னாடியே எட்டியாச்சாமே?

எட்டியாச்சு. 2025 நடுவில் நாட்டின் மொத்த நிறுவுதிறன் சுமார் 4,85,000 மெகாவாட், அதில் பாதி சோலார், காற்று, நீர், அணு. பாராட்டத்தான் வேண்டும், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் நிறுவுதிறன் வேறு, யூனிட் வேறு. ஒரு கிலோவாட் சோலார் பேனல் நம்ம ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும். ஒரு கிலோவாட் அளவுக்கு அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொண்டால், இப்போது ஓடுகிற ஓட்டத்தில் நாளைக்குப் பதினாறு யூனிட் தரும். தாளில் ரெண்டும் ஒரு கிலோவாட்தான். அதனால்தான் நிறுவுதிறனில் பாதிக்கு வந்த பிறகும் நாட்டில் உற்பத்தியாகிற கரண்டில் சுமார் 70 விழுக்காடு நிலக்கரியாகவே இருக்கிறது. ஒரு தோட்டத்தில் நூறு தென்னை இருக்கிறது என்பவனிடம் காய் எத்தனை என்று கேட்போமில்லையா, அந்தக் கேள்வியை மெகாவாட் சொல்கிறவர்களிடமும் கேட்கவேண்டும்.

45 விழுக்காடு குறைப்புன்னா புகை பாதியாயிடுமா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குறைவது ஒரு ரூபாய் பொருளாதாரத்துக்கு எவ்வளவு புகை என்ற விகிதம். மொத்தப் புகை இல்லை. 2005ஐ 100 என்று வைத்துக்கொள்வோம். 25 வருஷம் 6 விழுக்காடு வளர்ந்தால் பொருளாதாரம் 430. அதில் விகிதம் 45 விழுக்காடு குறைந்தால் 430ஐ 0.55ஆல் பெருக்கவேண்டும்: புகை சுமார் 236. அதாவது இலக்கைச் சரியாக அடைந்தும் புகை ரெண்டு மடங்குக்கு மேல். 7 விழுக்காடு வளர்ந்தால் 540ஐ 0.55ஆல் பெருக்க சுமார் 297, ஏறக்குறைய மூன்று மடங்கு. வளர்ச்சியை எவ்வளவு தாராளமாகக் கணிக்கிறோமோ அவ்வளவு புகைக்கு அதே இலக்குக்குள் இடம் கிடைக்கிறது.

இதைச் சொன்னால் "அப்ப ஏமாத்து வேலையா" என்று சிலர் கிளம்புவார்கள். அப்படியில்லை. இந்தியாவில் தலைக்கு மின்நுகர்வு வருஷத்துக்குச் சுமார் 1,400 யூனிட், உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. ஃபேன் இல்லாத வீட்டுக்காரரிடம் போய் மொத்தத்தைக் குறை என்று சொல்ல முடியாது, அதனால் விகிதத்தில் இலக்கு வைத்தது நியாயம்தான். 2020க்குள் அந்த விகிதம் 36 விழுக்காடு குறைந்துவிட்டதாக இந்தியா ஐ.நா.வுக்கு அறிக்கையும் கொடுத்திருக்கிறது. என் புகார் வேறு: இது வளர்ச்சியை நம்பி நிற்கிற இலக்கு என்பதை யாரும் பக்கத்திலேயே எழுதுவதில்லை. 2070 நெட் ஜீரோ மட்டும்தான் மொத்தப் புகையைப் பற்றிப் பேசுகிறது. நடுவில் புகை உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குவது எந்த வருஷம் என்பதற்கு எழுதிக் கொடுத்த தேதி கிடையாது.

நம்ம தோட்டத்து மோட்டாருக்கு மீட்டரே இல்லையே, அதை எப்படிங்க கணக்கில் சேர்ப்பாங்க?

குத்துமதிப்புதான். தமிழ்நாட்டில் இலவச விவசாய மின் இணைப்பு 23 லட்சத்துக்குமேல். குதிரைசக்தியை வைத்து, மாதிரிக்குச் சில இடங்களில் மீட்டர் போட்டுப் பார்த்து, வருஷத்துக்கு ஒரு குதிரைசக்திக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண்ணை வைத்துப் பெருக்குகிறார்கள். அடித்தளமே மதிப்பீடு என்றால் அதன்மேல் எழுப்புகிற இருபது வருஷக் கணிப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பொங்கலூர் பக்கத்தில் எங்கள் அப்புச்சி தோட்டம். அவர் காலத்தில் கிணற்றில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும், மாமா காலத்தில் முந்நூறு அடி போர், இப்போது மச்சான் ஆயிரம் அடிக்குக் கீழே சப்மெர்சிபிள் இறக்கியிருக்கிறார். ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் தூக்க எப்படிப் பார்த்தாலும் 0.27 யூனிட் வேண்டும், அது இயற்பியல், யாரும் மாற்ற முடியாது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 35 விழுக்காடு திறனோடு ஓடுகிறது என்றால் முக்கால் யூனிட்டுக்கு மேல். அதையே ஆயிரம் அடியில், அதாவது முந்நூறு மீட்டரில் இருந்து தூக்கினால் ரெண்டேகால் யூனிட். அதே தென்னை, அதே தண்ணீர், மோட்டார் எண்ணிக்கையும் அதே ஒன்று. யூனிட் மட்டும் மூன்று மடங்கு. நிலத்தடி நீர்மட்டத்தைக் கணிக்காமல் விவசாயக் கரண்டைக் கணிக்க முடியாது.

அதோடு பி.ஏ.பி. வாய்க்கால். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கும் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நம்ம மண்டலத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம் தோட்டத்தில் போர் ஓடாது, மச்சான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தே பார்க்க மாட்டார், பெட்டிக்குள் குளவி கூடு கட்டிவிடும். அணை நிறைந்த வருஷமும் நிறையாத வருஷமும் கரண்டுக்கு ஒரே வருஷம் ஆகாது. மாநில அளவில் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் சராசரியில் கரைந்துவிடுகிறது.

பழைய போக்கை வெச்சு கோடு இழுத்தா பத்தாதா?

பத்தாது, ஏனென்றால் பெரிய மாற்றங்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியே இருந்து வருகின்றன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நொய்யலுக்குப் போகக்கூடாது என்றாகிவிட்டது. மீண்டும் திறந்தவர்கள் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டி, மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவேண்டும். ரெண்டுக்கும் கரண்ட், விறகு, நீராவி. நதிக்கு நல்லது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அதே ஒரு பனியனுக்கு இப்போது எரிசக்திச் செலவு கூடுதல். 2010இல் உட்கார்ந்து திருப்பூரின் தேவையைக் கணித்தவர் ஒரு நீதிமன்ற உத்தரவை எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்?

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 2014இல் அரசு மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பு ஒன்று 310 ரூபாய், 2016இல் 38 ரூபாய். 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் வந்தது. இப்போது ஃபேனிலும் அது நடக்கிறது, 75 வாட் போய் 30 வாட். அந்தப் பக்கம் ஏ.சி. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம் 2017-18இல் இருந்து 2037-38க்குள் குளிரூட்டல் தேவை எட்டு மடங்கு ஆகும் என்கிறது. கோவை "ஏழைகளின் ஊட்டி" என்ற பேச்சு எங்கள் அம்மிச்சியோடு போய்விட்டது, இப்போது ஏப்ரலில் சூலூரில் ஏ.சி. மெக்கானிக் போன் எடுப்பதே அபூர்வம்.

வரத்தே தேவையை உண்டாக்குவதும் உண்டு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்த பிறகுதான் கோவையில் மில்லுகள் அடுக்கடுக்காக வந்தன. அன்றைக்குத் தேவையை மட்டும் எண்ணிப் பார்த்துக் கட்டியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

குறுகிய காலக் கணிப்பாவது சரியா வருமா?

2020 ஏப்ரல் 5, ராத்திரி ஒன்பது மணி, ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கா? தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் இறங்கும் என்று கணித்தார்கள். இறங்கியது சுமார் 31,000. ஒன்பது நிமிடத்துக்கே இப்படி. ஆனாலும் நீர்மின் நிலையங்களைச் சட்டென்று இறக்கி ஏற்றிச் சமாளித்துவிட்டார்கள், எங்கேயும் இருட்டாகவில்லை. கணிப்பு தவறினாலும் கைவசம் வளைந்துகொடுக்கிற ஏதாவது இருந்தால் தப்பிக்கலாம்.

நம்ம பக்கம் இவ்வளவு காற்றாலை இருக்கே, அப்புறம் எதுக்கு நிலக்கரி?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, பூளவாடி, குடிமங்கலம், தாராபுரம் என்று தடவிக்கொண்டு போகும். சீசன் மே கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை. ஆடியில் அம்மியே பறக்கும், ஐப்பசியில் இறக்கை ஆடாமல் நிற்கும். வருஷ மொத்த யூனிட்டைப் பார்த்தால் எங்கள் மில்லுக்குக் காற்றாலையே ஏறக்குறையப் போதும், மாசவாரியாகப் பார்த்தால் நாலு மாசம் மிதமிஞ்சும், மீதி மாசம் இ.பி.தான். நாட்டுக் கணிப்பிலும் அதே கதை. வருஷ மொத்தத்தில் இலக்கை எட்டிவிடுவது ஒரு கணக்கு, மார்ச் மாசம் பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு விளக்கும் ஏ.சி.யும் போடும்போது எங்கிருந்து கரண்ட் என்பது இன்னொரு கணக்கு. மத்தியானத் தேவையைச் சோலார் தாங்கிக்கொள்கிறது. மாலையைத்தான் தாங்க ஆள் வேண்டும்.

அதற்கு ஒரு வழி நம்ம வால்பாறை மலைக்குள்ளேயே இருக்கிறது. கடம்பாறை நிலையம், 400 மெகாவாட், 1980களின் பிற்பகுதியில் வந்தது. கரண்ட் மிச்சமிருக்கும்போது மேல் ஆழியாறில் இருந்து தண்ணீரை மலைமேல் ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி எடுக்கலாம். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரியும் வருகிறது. இன்னொரு வழி தூரத்தில் இருந்து கொண்டுவருவது. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை, 6,000 மெகாவாட் திறன். அது மெகாவாட் கணக்கில் ஒரு வரி, நம்ம பக்கம் அது தென்னையை வெட்டி நிலத்தில் நட்ட கோபுரம். எவ்வளவு போராட்டம் நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கணிப்பு மென்பொருளில் கோபுரத்துக்கு வழி கொடுப்பவரின் சம்மதம் என்று ஒரு கட்டமே கிடையாது.

கரண்டைப் பற்றியே பேசறீங்க, எரிசக்தின்னா அதுமட்டும்தானா?

நியாயமான கேள்வி. நாம் கடைசியாகப் பயன்படுத்துகிற மொத்த எரிசக்தியில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி லாரி டீசல், சமையல் கேஸ், பாய்லர் விறகு, சிமென்ட் ஆலை நிலக்கரி. காங்கேயத்தில் தேங்காய்க் களத்தில் பருப்பு காய்கிறதே, அந்த வெயில் எந்த எரிசக்திப் புள்ளிவிவரத்திலும் இல்லை. மழைக்குப் பயந்து அதே பருப்பை டிரையரில் போட்டால் அன்றைக்கே தேவை கூடிவிட்டதாகப் பதிவாகும். கொடியில் உலர்த்தின துணிக்கும் அதே கதி.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினா புகை குறையுமா, இல்ல மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு மாத்திவிடறோமா?

கொஞ்சம் மாற்றுகிறோம், மொத்தத்தில் குறைகிறது. நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, வழியில் ஆகிற இழப்பையும் சேர்த்தால் இரண்டரைக் கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் ஐந்து கிலோ. கரண்டில் நிலக்கரி குறையக் குறைய அதே பழைய ஸ்கூட்டர் இன்னும் சுத்தமாகும், பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நாமே போட்டுப் பார்க்க வழி இருக்குங்களா?

இருக்கிறது. இந்திய எரிசக்திப் பாதுகாப்புச் சூழல்கள் 2047 என்று ஒரு கணிப்பான் நிதி ஆயோக்கிடம் உண்டு. இங்கிலாந்தில் செய்த 2050 கணிப்பானைப் பார்த்து, 2014இல் திட்டக்குழு இருந்தபோதே தொடங்கியது. புதுப்பித்த பதிப்பு 2023இல் வந்தது. ரயிலில் எவ்வளவு சரக்கு, வீட்டில் எவ்வளவு ஏ.சி., சோலார் எவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றையும் படிபடியாக ஏற்றி இறக்கினால் புகையும் இறக்குமதியும் எப்படி மாறுகிறது என்று காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை உட்காரவைத்துக் காட்டினேன். அவன் எல்லாவற்றையும் உச்சப் படியில் வைத்துவிட்டு "அவ்வளவுதானேப்பா" என்றான். ஒவ்வொரு படிக்கும் பின்னால் எவ்வளவு காசு, எத்தனை ஏக்கர் என்று பார்க்க ஆரம்பித்ததும் எழுந்து கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

2070ல யாருங்க இருக்கப்போறோம்? அதுக்கு இப்ப என்ன?

ஆள் இருக்காது, வாங்கிய சாமான் இருக்கும். இன்றைக்கு ஓட ஆரம்பிக்கிற அனல்மின் நிலையம் நாற்பது வருஷம் ஓடும், கட்டிடம் அதற்கு மேல். பாய்லர் இருபத்தைந்து வருஷம், நல்ல மோட்டார் ரீவைண்டிங் பண்ணிப் பண்ணி அதே அளவு.

போன மாசம் மில்லில் பழைய மோட்டார்களை மாற்றுவதற்குக் கொட்டேஷன் வந்தது. விலை குறைந்தது ஒன்று, கரண்ட் குறைவாக இழுக்கிற விலை கூடினது ஒன்று. எத்தனை மாசத்தில் போட்ட காசு திரும்பும் என்று முதலாளி கேட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்தேன், எல்லாம் பேனாவில், ஒரு நாளைக்கு எத்தனை ஷிஃப்ட் ஓடும் என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலில் இரண்டு. அவர் ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டு, பேனாவில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.